ஸ்டோன்பரி மைதானத்து விமான நிலையம்

ஸ்டோன்பரி தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு இலக்கம் கிடையாது. எழுபது குடும்பத்துக்கும் ஒரே விலாசம்தான்: ஸ்டோன்பரி தோட்டம், கொட்டகலை. கடிதம் என்று எது வந்தாலும் தோட்டத்துத் துரையின் ஆபீசில் போய்க் கிடக்கும். காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளைக்கு மனம் வந்தால் கடிதத்துக்குரிய பெயரையும் கூப்பிடுவார். பூரணி டீச்சருக்கு வந்த அரச கடிதம் அப்படிப் பத்தொன்பது நாள் ஆபீசில் ஓய்வெடுத்துவிட்டு, அவள் புருஷன் அழகனின் கைக்கு வந்து சேர்ந்தது. அழகன் கொட்டகலைச் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவன். அரச முத்திரை உள்ள எதையும் அவன் தனியாகப் பிரிப்பதில்லை. சனிக்கிழமைக்காகக் காத்திருந்தான்.

சனிக்கிழமைதான் பூரணி வீட்டுக்கு வருவாள். அவளுக்கு வேலை கிடைத்தது கிழக்குக் கரையில், மணற்கேணிப் பாடசாலையில். விடியற்காலை நாலரைக்கு முதல் பஸ். அப்புறம் இரண்டு பஸ் மாற வேண்டும். மலையேறும் வழியில் எங்காவது ஒரு லொறி குறுக்கே நிற்கும். கொட்டகலையில் கால் வைக்கும்போது பின்னேரம் இரண்டரை. ஞாயிறு காலை தேத்தண்ணி குடித்த கையோடு திரும்பப் புறப்பட வேண்டும். அறுபத்தொரு வாரமாக இப்படி.

அன்றைக்கும் அப்படித்தான் வந்து லயத்து வாசலில் பையை இறக்கினாள். இரண்டு வயது மகள் பிரியந்தி, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜீவராணியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாரம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஜீவராணிதான். பிள்ளை பூரணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஜீவராணியை அண்ணாந்து பார்த்துச் சொன்னது:

"அம்மா, யாரோ வந்திருக்காங்க."

ஜீவராணிக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ, நான் சொல்லிக் குடுக்கல டீச்சர். சத்தியமா சொல்லிக் குடுக்கல."

"தெரியும்க்கா," என்றாள் பூரணி. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து கடிதத்தைப் பிரித்தாள்.

அவள் இடமாற்றம் கேட்டு மனுப் போட்டிருந்தாள். சட்டம் எளிமையானது: வேலை செய்யும் இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்க நுவரெலியாவில் ஓர் அலுவலகம் இருந்தது. பிராந்தியப் பயண நேர நிர்ணய அதிகாரசபை என்று பெயர். அதன் பணிப்பாளர் நாயகம் எழுதியிருந்தார்: "ஸ்டோன்பரி பிராந்திய விமான நிலையத்துக்கும் மணற்கேணி பிராந்திய விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம் 142 கிலோமீற்றர். பயண நேரம் 31 நிமிடம். எனவே தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது. தங்கள் பயணங்கள் இனிதே அமைய வாழ்த்துகிறோம்."

அழகன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். "ஏய் பூரணி, நம்ம தோட்டத்துல ஏர்போட் இருக்காமே. இது தெரியாம நான் ஓட்டோவுக்கு லீசிங் கட்டிக்கிட்டு இருக்கேன்."

பூரணி சிரிக்கவில்லை. "திங்கக்கெழம லீவு போட்டுட்டுப் போயி கேக்குறேங்க."

அதிகாரசபை ஒரு பழைய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இருந்தது. வாசலில் ரோஜாப் பாத்தி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சேவகர், மேசையில் ஒரு பெரிய பதிவேடு. புறப்பட்ட நேரம், வந்த நேரம் என்று இரண்டு பத்தி. பூரணி முதலாவதில் 6.30 என்றும் இரண்டாவதில் 8.40 என்றும் எழுதினாள்.

சேவகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டாவதை வெட்டினார். "எங்க இருந்துங்க வாறீங்க?"

"கொட்டகலை."

சுவரில் தொங்கிய பட்டியலில் விரல் வைத்தார். "கொட்டகலை, நாலு நிமிசம். நீங்க ஆறு முப்பத்திநாலுக்கே வந்துட்டீங்க. ரெண்டு மணித்தியாலம் ஆறு நிமிசமா அனுமதி இல்லாம வளவுக்குள்ள நின்னுருக்கீங்க."

"நான் இப்பதாங்க பஸ்ஸ விட்டு எறங்குனேன்."

"பஸ்ஸப் பத்தி இங்க பத்தி இல்லீங்க," என்றார் சேவகர், வருத்தத்தோடுதான். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். வளவுக்குள் நின்றதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம். பூரணி எழுதிக் கொடுத்தாள்.

உள்ளே எட்டு மேசைகளில் ஏழு காலியாக இருந்தன. பத்தே முக்காலுக்கு எழுதுவினைஞர்கள் மூச்சிரைக்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வரவுப் புத்தகத்தில் 8.30 என்று கையெழுத்திட்டார்கள். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு இருபத்தேழுக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள், நிர்ணயப்படி எட்டரைக்கு வந்தாகிவிட்டது.

எட்டாவது மேசையில் இருந்தவள் டிலுக்ஷி. கந்தப்பளைப் பெண். வாகனப் பொறுப்பும் மேன்முறையீட்டுப் பொறுப்பும் அவளிடம்தான். பூரணியின் கோப்பை எடுத்துக் கணினியை அவள் பக்கம் திருப்பினாள்.

"வெளிநாட்டு வெப்சைட் ஒண்ணு இருக்கு மிஸ். ஆசியாவுல எந்த ரெண்டு ஏர்போட்டோட பேரப் போட்டாலும் எவ்வளவு தூரம், எத்தன நிமிசம்னு சொல்லிரும். சேர் அதத்தான் சர்வதேசத் தரம்னு சொல்லுவாரு."

"எங்க தோட்டத்துல ஏர்போட் இல்லையே மிஸ்."

"இருக்கே." டிலுக்ஷி படத்தைப் பெரிதாக்கினாள். லயங்களுக்கு நடுவே பச்சை மைதானம். மைதானத்தின் நடுவில் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து.

பூரணிக்கு ஞாபகம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் தோட்டத்துக்குக் கழிப்பறை திறக்க ஹெலிகொப்டரில் வந்தார். அது இறங்குவதற்காக மைதானத்தில் சுண்ணாம்பால் எழுத்துப் போட்டார்கள். ஒன்பது நிமிடம் இருந்துவிட்டு அவர் கிளம்பும்போது காற்றில் மூன்றாம் லயத்துத் தகரம் பறந்தது. அதற்குப் பிறகு ஒரு குருவிகூட அங்கே இறங்கியதாகத் தகவல் இல்லை. ஆனால் எழுத்தை அழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால், வருஷா வருஷம் தோட்டத்துத் தொழிலாளி மூக்கன் அதற்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருந்தான். லயத்துக்கு இலக்கம் இல்லை. எழுத்துக்குச் சுண்ணாம்பு உண்டு. விலாசம் தேடிய அதிகாரசபை, தோட்டத்தில் எழுதியிருந்த ஒரே எழுத்தை வாசித்து அங்கே ஒரு விமான நிலையத்தைப் பதிந்துவிட்டது.

"மணற்கேணியில?"

"அங்கயும் ஒண்ணு இருக்கு மிஸ். பழைய ஓடுபாதை."

அந்தப் பாதை பூரணிக்குத் தெரியும். அதில் நெத்தலி காயப்போடுவார்கள்.

மேன்முறையீட்டைப் பணிப்பாளர் நாயகம் நேரில் விசாரித்தார். பெயர் கஜேந்திரன். கழுத்துப்பட்டி, பளபளக்கும் சப்பாத்து, சட்டைப் பையில் அதிகாரசபையின் முத்திரை. முத்திரையை அவர் மேசையில் விட்டுப் போவதில்லை. மலசலகூடத்துக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு அங்கத்தவர்கள், நடுவில் ஓர் உலக உருண்டை.

"ஆசிரியை அவர்களே," என்று தொடங்கினார். "நான் இந்தப் பொறுப்பை ஏற்று ஐந்து ஆண்டுகளாகின்றன. இந்த ஐந்து ஆண்டுகளில் இந்த நாட்டில் எவருக்கும் தூரம் என்று ஒன்று இருந்ததில்லை. பாதை போடுகிறவர்கள் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு வருடம் எடுக்கிறார்கள். நான் ஒரே சுற்றறிக்கையில் பதுளையைக் கொழும்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். ஒரு மூடை சீமெந்துகூடச் செலவாகவில்லை."

அங்கத்தவர்கள் கைதட்டினார்கள்.

"சேர், நான் பஸ்ஸில்தான் வந்து போகிறேன். பத்து மணித்தியாலம் ஆகிறது. நீங்கள் ஒரு தடவை அந்தப் பாதையில் வந்து பார்த்தால்…"

"பார்க்க மாட்டேன்." கஜேந்திரன் கையை உயர்த்தினார். "பாதையைப் பார்த்தால் நடுநிலை போய்விடும். மக்கள் பஸ்ஸில் ஏறுவதனால்தான் தூரமே உண்டாகிறது. நானும் லயத்தில் பிறந்தவன்தான் அம்மா. அங்கிருந்து இந்த நாற்காலிக்கு வர எனக்கு நாற்பது வருடம் ஆனது. நான் எவரிடமாவது மனுப் போட்டேனா?"

"என் பிள்ளை என்னைப் பார்த்து யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லுது சேர்."

"குழந்தைகளின் வாக்குமூலத்தை நாங்கள் ஏற்பதில்லை," என்றார் இடது பக்கத்து அங்கத்தவர்.

பிறகு அளவை நடந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். சேவகர் வெள்ளித் தட்டில் சிவப்பு நூல் கொண்டுவந்தார். கஜேந்திரன் அதை எடுத்து உலக உருண்டையில் ஸ்டோன்பரியிலிருந்து மணற்கேணிக்கு இழுத்துப் பிடித்தார். உருண்டையில் இலங்கை ஒரு மிளகாய் விதை அளவுதான் இருந்தது. நூல் பட்டதும் நாடே மறைந்துபோனது.

"தூரமே தெரியவில்லையே," என்றார் வலது பக்கத்து அங்கத்தவர், உண்மையான வியப்போடு.

அதைக் கருத்தில் கொண்டும், பின்காற்றைச் சேர்த்தும், முப்பத்தொரு நிமிடம் இருபத்திரண்டாகக் குறைக்கப்பட்டது. கஜேந்திரன் பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதிக் குத்தினார்.

அடுத்த கிழமை இன்னொரு கடிதம். "தங்கள் பயணம் 22 நிமிடம் என நிர்ணயிக்கப்பட்டிருக்க, தாங்கள் பத்து மணித்தியாலம் எடுப்பதாகத் தாங்களே விசாரணையில் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். மிகுதி 9 மணித்தியாலம் 38 நிமிடம் தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை, அறுபத்தொரு வாரங்களுக்கும் தனித்தனியாக, பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விளக்குக. தவறின் சேவையிலிருந்து நீக்கப்படுவீர்கள்."

பூரணி அதை மடித்து வைத்தாள். இதுவரை அவளுக்குக் குழப்பமும் அழுகையும்தான் இருந்தன. இப்போது வேறொன்று வந்தது. அதற்குப் பெயர் வைக்க அவள் முயலவில்லை. நேரே நுவரெலியாவுக்குப் போனாள். மன்னிப்புக் கடிதத்தை இந்தத் தடவை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தாள்.

டிலுக்ஷி கடிதத்தைப் படித்து முடித்தாள். பிறகு சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா செத்தப்ப லீவு கேட்டேன் மிஸ். கந்தப்பளை மூணு நிமிசம்னாங்க. போக வர ஆறு நிமிச லீவு குடுத்தாங்க."

மேசை லாச்சியை இழுத்து ஒரு தாளை எடுத்துப் பூரணியின் பக்கம் தள்ளினாள். பதினான்காம் இலக்கச் சுற்றறிக்கை. கஜேந்திரனின் கையெழுத்து. "நிர்ணயிக்கப்பட்ட பயண நேரத்துக்குப் பணிப்பாளர் நாயகம் உட்பட அரச ஊழியர் அனைவரும் கட்டுப்பட்டவராவர்."

"சேருக்கு வாற பதினாலாந்தேதி கொழும்புல இன்டர்வியூ," என்றாள் டிலுக்ஷி. "செயலாளர் பதவி. பின்னேரம் மூணு மணி. ஒரு நிமிசம் பிந்துனாலும் உள்ள விடமாட்டாங்களாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் கஜேந்திரனுக்கு ஓர் அழைப்பு வந்தது. எழுதியவள் பூரணி. தன் தவறை உணர்ந்துவிட்டதாகவும், இருபத்திரண்டு நிமிடத்தை முழு மனதோடு ஏற்றுக்கொள்வதாகவும் எழுதியிருந்தாள். ஸ்டோன்பரியில் விமான நிலையம் இருப்பதைக் கண்டுபிடித்த பணிப்பாளர் நாயகத்துக்குத் தோட்ட மக்கள் பாராட்டு விழா எடுக்க விரும்புகிறார்கள். பெயர்ப்பலகையை அவர் கையால் திறந்துவைக்க வேண்டும். பதினான்காம் தேதி. விழா பின்னேரம் இரண்டரைக்கு முடியும். "கொழும்பில் தங்களுக்கு முக்கிய அலுவல் இருப்பதாக அறிகிறோம். தங்கள் நிர்ணயப்படி ஸ்டோன்பரியிலிருந்து கொழும்பு 21 நிமிடமே என்பதால் சிரமம் இராது."

டிலுக்ஷி அதை அலுவலகம் முழுவதற்கும் கேட்க வாசித்தாள். கஜேந்திரன் வாயைத் திறந்தார். எட்டு மேசைகளும் அவரைப் பார்த்தன. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். காலையில் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு ஒன்பது மணிக்கே ஜீப்பில் நழுவிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

பதினான்காம் தேதி காலை எட்டரைக்கு ஜீப் மைதானத்தில் வந்து நின்றது. கஜேந்திரன் கால் வைத்து இறங்கியதுதான், ஜீப் திரும்பியது.

"எங்கேயப்பா போகிறாய்?"

"லொக் புத்தகத்துல இந்த ஓட்டத்துக்கு நாலு நிமிசந்தான் சேர் போட்டிருக்கு," என்றான் சாரதி. "ஏற்கனவே ரெண்டு மணித்தியாலம் கூட ஓடிட்டேன். கொழும்புக்குப் போறதுக்கு மிஸ் ரெண்டு முப்பத்தொம்பதுக்குத்தான் வாகனம் விடச் சொல்லியிருக்காங்க. மூணு மணிக்கு இருபத்தொரு நிமிசம் முந்தி. சுற்றறிக்கைப்படி." ஜீப் தேயிலை மறைவில் போய்விட்டது.

தோட்டமே திரண்டிருந்தது. ஆட்கள் பெரட்டுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள். கஜேந்திரனை வெள்ளை எழுத்தின் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். லயத்துக்கு ஒரு மாலை, ஒரு பொன்னாடை. ஏழு மாலை போட்டதும் அவர் முகம் பாதி மறைந்துபோனது. பிறகு மூக்கனைப் பேசக் கூப்பிட்டார்கள்.

"மாத்தையா," என்றான் மூக்கன், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு. "ஆறு வருசமா இந்த எழுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேங்க. எதுக்குடா அடிக்கிறோம்னு எனக்கே தெரியாது. இன்னைக்குத்தான் தெளிஞ்சிச்சு. ரொம்ப சந்தோசங்க. பிளேன் எத்தன மணிக்குங்க வரும்?"

கூட்டம் வானத்தைப் பார்த்தது. கஜேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால்.

"ஆசிரியை," என்று மாலைகளுக்கு உள்ளிருந்து கிசுகிசுத்தார். "நான் இப்போதே புறப்பட வேண்டும்."

"இன்னும் அஞ்சு மணித்தியாலம் இருக்குங்களே சேர். இருபத்தொரு நிமிசந்தானே?"

"ஆம். ஆனால்…"

"ஆனால்?"

பின்னால் எட்டு மேசைக்காரர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கஜேந்திரன் ஆனாலை விழுங்கினார். பத்து மணிக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். பத்தரைக்குக் கும்மி அடித்தார்கள். கும்மியின் இருபதாவது சுற்றில் அவர் எழுந்துவிட்டார். மைதானத்து ஓரத்தில் அழகனின் ஓட்டோ நின்றது. அதை நோக்கி மாலைகளோடு நடந்தார், பிறகு ஓடினார்.

"தம்பி, கொழும்புக்கு விடு."

அழகன் ஓட்டோவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "விடலாங்க சேர். எவ்வளவு நேரத்துல போகணும்?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அத நான் எப்படிங்க சேர் சொல்றது? அதுக்குத்தான் ஒரு சபை இருக்கே."

பூரணி ஒரு தாளையும் பேனையையும் கொண்டுவந்து ஓட்டோவின் பின்னிருக்கையில் வைத்தாள். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க சேர். இங்க இருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரம், மணற்கேணிக்கு எவ்வளவு நேரம். இங்க ஏர்போட் இருக்கா, இல்லையா. முத்திரை உங்க பையிலதான் இருக்கு."

"இது மிரட்டல்."

"இல்லீங்க சேர். விளக்கம். எனக்குப் பதினாலு நாள் குடுத்தீங்க. நான் உங்கள அவசரப்படுத்தல."

கஜேந்திரன் மைதானத்தைப் பார்த்தார். கும்மி ஓய்ந்திருந்தது. பெரட்டு வரிசை அப்படியே, கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. சின்ன வயதில் இப்படி ஒரு வரிசையில் தன் அம்மா நிற்பதை அவர் பார்த்திருப்பார். அன்றைக்கு அவர் நின்றது வரிசைக்காரர்களின் பக்கம். பத்து ஐம்பதுக்குப் பேனையை எடுத்தார். கொழும்பு நாலு மணித்தியாலம். மணற்கேணி பத்து மணித்தியாலம். ஸ்டோன்பரி மைதானத்தில் விமான நிலையம் இல்லை. கையெழுத்து. முத்திரையை ஊதக்கூட நேரமில்லை.

அழகன் அவரைக் கொண்டுபோனான். வட்டவளையில் டயரைத் தட்டிப் பார்த்தான். கினிகத்தேனையில் தேத்தண்ணி குடித்தான், இரண்டு தடவை. முந்திப் போகச் சொல்லி அவர் கத்தியபோதெல்லாம், "பாத்தீங்களா சேர், இதாங்க பாதை," என்றான். கொழும்பில் இறக்கிவிடும்போது மணி ஐந்தரை. நேர்முகத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், காவலாளி மட்டும் இருந்தான்.

பூரணியின் இடமாற்றம் மூன்றாம் வாரம் வந்தது. முத்திரை குத்திய நிர்ணயத்தை மறுக்க அதிகாரசபைக்கே அதிகாரம் இல்லை. கஜேந்திரனுக்கும் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் போனது. புதிய நிர்ணயம் மறுநாளிலிருந்தே செல்லும் என்று சொல்லி, இருபத்தொரு நிமிடப் பயணத்தில் மிகுதி நேரம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர் விளக்கம் எழுதினார். விளக்கம் திருப்தி தரவில்லை. பின்னே இன்னொரு கடிதம்: மணற்கேணி உப அலுவலகம், உடனடியாக. அவர் வீடு நுவரெலியாவில் என்பதால் பயண நேரம் 27 நிமிடம். அந்த நிர்ணயத்தை அவர்தான் எழுதியிருந்தார், இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறு யாருக்கோ.

மணற்கேணியில் விட்டு வந்த பெட்டியையும் புத்தகங்களையும் எடுக்கப் பூரணி கடைசியாக ஒரு தடவை போனாள். திரும்பும்போது சனிக்கிழமை விடியற்காலை நாலரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் பெட்டியோடு தாவி ஏறினார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சப்பாத்தில் நெத்தலிச் செதில் ஒட்டியிருந்தது.

விடிந்து, வெயிலேறி, இரண்டு பஸ் மாறி, மூன்றாவதும் மலையடிவாரத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் நின்றபோதுதான் அவர் அவளைக் கண்டுகொண்டார். கால் மாற்றி நின்றபடி கேட்டார்:

"டீச்சர், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?"

பூரணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"நாம போய்ச் சேந்து ஏழு மணித்தியாலத்துக்கு மேல ஆச்சுங்க சேர்."

அவர் பெட்டியைக் காலடியில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்தப் பையில் இப்போது முத்திரை இல்லை. "நானும் இடமாற்ற மனுப் போட்டிருக்கிறேன் டீச்சர். இந்த பஸ் இவ்வளவு நேரம் எடுக்கிறதென்று ஒரு சாட்சிக் கையெழுத்து… நீங்கள் ஒருத்திதான் எனக்கு…"

பூரணியின் கைபேசி அடித்தது. அழகன். எங்கே வந்துவிட்டாள் என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் கத்திக்கொண்டிருந்தது, "அம்மாவா? அம்மாவா? எங்கிட்ட குடு!"

"வந்துட்டேன்னு சொல்லுங்க," என்றாள். கைபேசியைப் பையில் போட்டாள். நீட்டிய தாள் இன்னும் அவள் முகத்துக்கு நேரே நின்றது.

"கையெழுத்துப் போட்டா பாதையப் பாக்கணுங்க சேர்," என்றாள். "பாத்தா நடுநிலை போயிரும்."

ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். லொறி இன்னும் நகரவில்லை. அவளுக்கு இது கடைசி வாரம். அவருக்கு முதலாவது.